ஆறு மணிக்குள் ஒன்பது பேர்

நெஸ்டர் செத்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

அவன் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

மைரன் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தான். தம்பி சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. போனை மட்டும் விரல்கள் விடவில்லை.

மைரனின் கையில் இன்னும் கடப்பாரை இருந்தது. வாசற்படியில் கட்டிப்போன பனியை உடைக்க எடுத்தது. உடைத்துவிட்டு உள்ளே வந்தவனுக்குத் தம்பியிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது.

"நெஸ்டர், கொட்டகைக்குப் பின்னால ஒரு காட்டுப்பூனை..."

நெஸ்டர் நிமிரவில்லை. போனைப் பார்த்துச் சிரித்தபடியே ஒரு விரலை உயர்த்தினான்.

"ஒரு நிமிஷம்ணே."

நாலு வருடமாக அந்த ஒரு நிமிடம் முடியவேயில்லை.

அம்மா போன பிறகு அந்த வீட்டில் இரண்டே பேர். மைரனுக்கு அறுபத்தொன்று, நெஸ்டருக்கு ஐம்பத்தேழு. ஒருவன் மனைவி விட்டுப் போய்விட்டாள். இன்னொருவனுக்கு வரவேயில்லை. டிரைடன் டவுனுக்கு நாற்பது கிலோமீட்டர். பக்கத்து வீடு என்றால் ஏரிக்கு அக்கரை. சாயங்காலமானால் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவன் போனோடு சிரிப்பான். மற்றவன் அதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

விரல் இறங்குவதற்குள் கடப்பாரை இறங்கிவிட்டது.

போன் மறுபடி அதிர்ந்தது.

மைரன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். போனுக்குப் பூட்டு கிடையாது. அந்த வீட்டில் யாரிடம் எதை ஒளிக்க?

அனுப்பிய ஆளின் பெயர் 'பனிக்கலப்பை' என்றிருந்தது.

"கிழவா, டீம் எங்க? மணி அஞ்சே முக்கால்."

அடுத்தது...

"ஒப்பந்தம் ஞாபகம் இருக்குல்ல? ஆறு மணிக்குள்ள நீ ஒன்பது பேர எடுத்து வைக்கலன்னா, செத்துக் கிடக்கேன்னு அர்த்தம். போலீசுக்குப் போன் போட்டுடுவேன்."

மைரனின் முதுகில் வேர்த்தது. வெளியே மைனஸ் முப்பது.

ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. புயல் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்று நாளைக்கு விடாது என்று ரேடியோ காலையிலேயே சொல்லியிருந்தது. அது விட்டால்தான் ஏரிக்குப் போக முடியும். ஏரிக்குப் போனால்தான் நெஸ்டரை ஒளிக்க முடியும்.

அதுவரை நெஸ்டர் உயிரோடு இருந்தாக வேண்டும்.

"இருக்கேன்," என்று தட்டினான். விரல் வழுக்கியது.

"அப்ப டீமப் போடு."

திரையில் பெயர்கள் கொட்டிக் கிடந்தன. அன்று சாயங்காலம் நாடு முழுக்க நடக்கவிருந்த ஐஸ் ஹாக்கி ஆட்டங்கள் அத்தனையிலும் ஆடுபவர்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு மதிப்பு. ஒன்பது பேரைப் பொறுக்க வேண்டும், மதிப்பு வரம்பைத் தாண்டக் கூடாது. பொறுக்கியவர்கள் நிஜ ஆட்டத்தில் கோல் போட்டால், பாஸ் கொடுத்தால் நமக்குப் புள்ளி. இதைத்தான் தம்பி நாலு வருடமாக யாரோ ஒருவனோடு தினமும் ஆடியிருக்கிறான். பந்தயமாகக் காசு எதுவும் இல்லை.

மைரன் தெரிந்த பெயர்களையெல்லாம் அமுக்கினான். மணி ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு ஒன்பது பேர் தேறினார்கள்.

பதில் உடனே வந்தது.

"யோவ், என்ன இது? ஊருக்கு ஒருத்தனா பொறுக்கியிருக்க. எட்மன்டன் ஆளையும் எடுத்துட்டு, அவனுக்கு எதிர்ல கோல் காக்கற கோலியையும் எடுத்திருக்க. உன் ஆளு கோல் போட்டா உன் கோலிக்கே அடி. தலைல எங்கயாவது இடிச்சுக்கிட்டியா?"

மைரன் தரையைப் பார்த்தான்.

"காய்ச்சல்," என்று எழுதினான்.

அன்று படுதோல்வி. ஆட்டம் முடிந்ததும் செய்தி வந்தது.

"ம். சொல்லு. தோத்தவன் ஒரு உண்மை சொல்லணும்."

இது என்ன புது வில்லங்கம்? மைரன் பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தான். ஒவ்வொரு நாளும் அப்படித்தான். தோற்றவன் அன்று தனக்கு நடந்த ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அதுதான் பந்தயம்.

"இன்னிக்கு என்னமோ கை நடுங்குது," என்று எழுதினான்.

அது பொய்யில்லை.

"கஷாயம் எதாவது போட்டுக் குடி. படு. நாளைக்கு ஆள் தேறி வா," என்றது பனிக்கலப்பை.

மைரன் தம்பியைத் தார்ப்பாயில் சுற்றிக் கொட்டகைக்கு இழுத்துப் போனான். திரும்பி வந்து தரையைக் கழுவினான். பிறகு போனை எடுத்து அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்தான்.

*

செவ்வாய்க்கிழமை. புயல் விடவில்லை.

காலை பத்து மணிக்கே போன் பேசியது.

"காய்ச்சல் எப்படி?"

"பரவால்ல."

"காய்ச்சல்ல மறந்துட்ட போல, பாடத்தத் திரும்பச் சொல்லவா? நீ சொல்லிக் குடுத்த பாடம்தான், உனக்கே விக்கறேன்."

"சொல்லு."

"மூணு பேரு ஒண்ணா பனில இறங்கறாங்க, ஒண்ணா வெளிய வர்றாங்க. அதான் லைன். ஒருத்தன் கோல் போட்டா மத்த ரெண்டு பேரும் பாஸ் குடுத்திருப்பாங்க. ஒரே கோல்ல மூணு பேருக்கும் புள்ளி. அதனால எடுத்தா மூணு பேரையும் சேத்து எடு. பிரிக்காத. பிரிச்சா மூணும் வீண்."

மைரன் அதை உற்றுப் பார்த்தான்.

"யார் யார்கூட ஆடறான்னு எப்படித் தெரியும்?"

"நெஜமாவே காய்ச்சல்தான் உனக்கு. காலைப் பயிற்சில பாரு. ஒரு லைன் ஆளுங்க ஒரே கலர் சட்டை போட்டிருப்பாங்க. நேத்து வரைக்கும் சேர்ந்து ஆடினவன் இன்னிக்கு வேற கலர்ல நின்னான்னா, பிரிச்சுட்டாங்கன்னு அர்த்தம். சொன்னது யாரு? நீதான்."

அன்றும் தோற்றான். ஆனால் கொஞ்சமாக.

"உண்மை?"

மைரன் யோசித்தான். பிறகு எழுதினான்.

"கொட்டகைக்குப் பின்னால ஒரு காட்டுப்பூனை வந்துச்சு."

"நெஜமாவா? எவ்ளோ பெருசு? காது நுனில முடி இருந்துச்சா? உன்னைப் பாத்துச்சா?"

மைரன் போனை மேசைமேல் வைத்தான். எழுந்து அடுப்பில் விறகு போட்டான். மறுபடி வந்து படித்தான்.

ஒரே மூச்சில் நாலு கேள்வி. அவனிடம் யாரும் அடுத்தடுத்து இரண்டு கேள்விகூடக் கேட்டு எத்தனை வருடம் ஆகிறது?

"முடி இருந்துச்சு," என்று எழுத ஆரம்பித்தான். எழுதிக்கொண்டே போனான். அரைப் பக்கம்!

*

புதன்கிழமை அவன் பழைய செய்திகளை முதலிலிருந்து படித்தான். ஆட்டம் கற்றுக்கொள்ளத்தான் ஆரம்பித்தான். பாதியில் ஆட்டத்தை மறந்துவிட்டான்.

நெஸ்டர் எப்போதும் தோற்றிருந்தான். நாலு வருடத்தில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. வேண்டுமென்றே தோற்கிறானோ என்று பனிக்கலப்பையே ஒரு தடவை கேட்டிருந்தது. நெஸ்டர் அதற்குப் பதில் சொல்லவில்லை. தினமும் ஓர் உண்மை மட்டும் சொல்லியிருந்தான்.

"உண்மை: இன்னிக்கு எங்கண்ணன் என்கிட்ட நாலு வார்த்தை பேசினான். நாலும் விறகு பத்தி."

மைரன் அடுத்ததுக்குப் போனான்.

"உண்மை: எதிர்லதான் உக்காந்திருக்கான். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. அதான் போனயே பாத்துட்டிருக்கேன்."

அதற்குக் கீழே பனிக்கலப்பை.

"அவனையும் ஆட்டத்துக்குக் கூப்பிடேன்."

"கூப்பிட்டா சிரிப்பான்."

"அவன் சிரிச்சுப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்பச் சிரிக்கட்டுமேய்யா. கூப்பிடு."

தேதி பார்த்தான். போன மாதம்.

மைரன் கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனான். தார்ப்பாய்மேல் பனித்தூள் படிந்திருந்தது. கையால் தள்ளினான். ஒரு கட்டையைப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

"நீ கூப்பிட்டிருக்கலாம்ல," என்றான்.

தார்ப்பாயின் நுனியை இழுத்துச் சரிசெய்தான்.

"கூப்பிட்டா வந்திருப்பேன்டா."

காற்று மட்டும் தகரத்தைத் தட்டியது. குளிர் தாங்க முடிந்த வரை உட்கார்ந்திருந்தான். பிறகு உள்ளே வந்து அன்றைய காலைப் பயிற்சியில் யார் எந்தக் கலர் என்று பார்க்க ஆரம்பித்தான்.

அன்றும் வியாழனும் தோல்விதான். இரண்டு உண்மை சொன்னான். அம்மாவின் கையெழுத்து ஞாபகம் இல்லை என்பது ஒன்று. ராத்திரியில் வீடு சத்தம் போடுகிறது என்பது இன்னொன்று.

"எனக்கும்தான்," என்றது பனிக்கலப்பை. "நான் ரேடியோவ அணைக்கறதே இல்ல."

*

வெள்ளிக்கிழமை விடிந்தபோது வானம் கண்ணாடியாக இருந்தது.

மைரன் நெஸ்டரின் பனிவண்டிக்குப் பின்னால் இழுவைப் பலகையைக் கட்டினான். அதில் தார்ப்பாய் மூட்டையை வைத்தான். ஏரி குறுகும் இடத்துக்கு ஓட்டினான். அங்கே அடியில் நீரோட்டம் உண்டு. கடும் குளிரிலும் பனி சரியாகக் கட்டாது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இடம். வருடத்துக்கு ஒரு வண்டியாவது உள்ளே போகும்.

நெஸ்டர் போனான். தார்ப்பாயை மட்டும் மைரன் உருவிக்கொண்டான். பிறகு நெஸ்டரின் வண்டி போயிற்று. கறுப்புத் தண்ணீர் ஒருமுறை விழுங்கி அடங்கியது.

பாக்கி இருந்தது போன் மட்டும்.

கையை ஓங்கினான்.

போன் அதிர்ந்தது.

"கிழவா, பயிற்சி பாத்தியா? வினிபெக்ல ரெண்டாவது லைன மாத்திட்டான். உனக்குத்தான் முதல்ல சொல்றேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

எறி, என்றது மூளை. இப்போதே எறி.

மைரன் போனை அணைத்தான். அணைத்து... தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு நடந்தே திரும்பி, தம்பியைக் காணவில்லை என்று போலீசைக் கூப்பிட்டான்.

வந்தவர் சார்ஜென்ட் கேஜிக். அந்த ஏரிக்கரையில் பிறந்தவர். பனி உடைந்திருந்த துளையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"எப்பக் கிளம்பினார்?"

"விடிஞ்சதும். மீன் புடிக்க."

"இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியும். சொன்னா கேக்க மாட்டான்."

"போன்?"

"பைலதான் வெச்சிருந்தான். அது இல்லாம எங்க போவான்?"

கேஜிக் தலையாட்டினார். "இந்த ஓட்டத்துல ஆள இறக்க முடியாது. பனி உருகினாத்தான் தேட முடியும். மனசத் தேத்திக்குங்க."

சந்தேகத்தின் சாயல்கூட இல்லை.

*

அடுத்த வியாழன் டிரைடன் தேவாலயக் கூடத்தில் நெஸ்டருக்குப் பிரார்த்தனை. பெட்டி இல்லை. ஒரு பழைய புகைப்படம் மட்டும். மொத்தம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பாதிரியார் பேசினார். பெண்கள் முட்டை சாண்ட்விச் வைத்தார்கள்.

கடைசி வரிசையில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட கனத்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூடத்தில் அழுதது அவள் ஒருத்திதான்.

மைரன் அவளுக்கு ஒரு தட்டை நீட்டினான்.

"தம்பியத் தெரியுமா?"

"கொஞ்சம்," என்றாள். "நல்ல மனுஷன். நீங்கதான் அண்ணனா?"

"ஆமா."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, தட்டை வாங்கிக்கொண்டாள்.

"உங்களப் பத்திப் பேசுவார்," என்றாள்.

மைரன் அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டான்.

வீட்டில் அன்றும் ஒரு தட்டு. வெள்ளியும் ஒரு தட்டு. ரேடியோவை அணைக்காமல் விட்டுப் பார்த்தான். வானிலை சொன்னவன் இவனிடம் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மாவு டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்த போனை எடுத்து ஆன் செய்தான்.

சும்மா பார்க்கத்தான். ஒரே தடவை.

போன வெள்ளியில் ஒரு செய்தி இருந்தது. "கிழவா, மணி ஆறு ஆகப் போகுது. விளையாடாத. போலீசக் கூப்பிடப் போறேன்." அப்புறம் எட்டு நாள் ஒன்றுமில்லை.

கீழே, அன்று காலை வந்தது ஒன்று.

"கிழவா. நாளைக்கு மத்தியான ஆட்டம் இருக்கு. எப்பவும் போல நான் டீம் போட்டுட்டேன்."

மைரன் கணக்குப் போட்டான். போலீசைக் கூப்பிட்டிருந்தால் நெஸ்டர் செத்தது பனிக்கலப்பைக்குத் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் இன்று ஏன் எழுதப்போகிறான்? ஆக, கூப்பிடவில்லை. எங்கோ தூரத்தில் இருப்பவன். பேப்பரும் பார்க்காதவன்.

கச்சிதமான கணக்கு.

செத்தவனோடு பேசுகிறவன் தான் ஒருத்தன்தான் என்று மைரன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"ஊருக்குப் போயிருந்தேன்," என்று எழுதி அனுப்பினான்.

பதில் வரவில்லை.

பத்து நிமிடம்... அரை மணி... மைரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தான். கோபித்துக்கொண்டானோ? எட்டு நாள் சொல்லாமல் போனது தப்புதான்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது.

"சரி. ஆடு."

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் சாப்பிடவில்லை. ஒவ்வொரு டீமின் பயிற்சியையும் பார்த்தான். வினிபெக்கின் புது இரண்டாம் லைன் பிரியாமல் ஒரே கலரில் நின்றது. மூன்று பேரையும் எடுத்தான். அவர்களுக்குப் பின்னால் ஆடும் தடுப்பாட்டக்காரனையும் எடுத்தான். கோலியை வேறு ஆட்டத்திலிருந்து எடுத்தான். ஒன்பது பேர்.

இரண்டாவது பகுதியில் வினிபெக் மூன்று கோல் போட்டது. மூன்றும் அதே லைன்!

மைரன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அடுத்த நிமிடம் அவனுக்கே புரியாத ஒரு சத்தம் கேட்டது. தான் சிரிக்கிறோம் என்று தெரிய சற்று நேரமாயிற்று.

ஆட்டம் முடிந்ததும் தட்டினான்.

"தோத்துட்ட. உண்மை சொல்லு."

"சொல்றேன். எழுதினா நீளும். நேர்ல வந்து சொல்லட்டுமா?"

மைரன் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தான்.

"வழி தெரியுமா?"

"தெரியும். பக்கத்துலதான் இருக்கேன். அஞ்சு நிமிஷம்."

நெஸ்டர் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? மைரன் அதை யோசிக்கவே இல்லை. ஒரு ஆள் வருகிறான். அந்த வீட்டுக்கு. பேச. அவன் நினைத்தது அவ்வளவுதான். மேசையைத் துடைத்தான். முட்டைக்கோஸ் உருண்டைகளை அடுப்பில் ஏற்றினான். இரண்டு கோப்பை எடுத்துவைத்தான். ஒன்றின் விளிம்பு உடைந்திருந்தது. அதைத் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

கதவு தட்டப்பட்டது.

ஓடிப்போய்த் திறந்தான்.

ஆரஞ்சு ஜாக்கெட்!

"நீங்களா?" என்றான்.

"பேரு வெர்னா. இக்னேஸ் ஊர்ப்பக்கம் நெடுஞ்சாலையில பனி தள்ற வண்டி ஓட்டறேன்."

மைரனுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"பனிக்கலப்பை," என்றான்.

"ஆமா."

"வாங்க, உள்ள வாங்க. குளிருது."

அவள் படியிலிருந்து நகரவில்லை.

"தோத்தவ உண்மை சொல்லணும். இங்கயே சொல்லிடறேன். அன்னிக்கு ஆறு மணிக்கே போலீசுக்குப் போன் பண்ணினேன். நெஸ்டர் போயிட்டார்னாங்க. போனும் அவரோட ஏரிக்குள்ள போயிடுச்சுன்னாங்க. பிரார்த்தனைக்கு வந்தேன். அழுதேன். அப்புறமும் மனசு கேக்கல. நேத்து ஏரிக்கடியில கிடக்கற போனுக்கு ஒரு வரி போட்டேன். கல்லறைல பூ வைக்க மாட்டாங்களா, அந்த மாதிரி." குரல் உடைந்தது. "பதில் வரும்னா போட்டேன்? பதில் வந்துச்சு. ஊருக்குப் போயிருந்தாராம்."

அவள் பின்னாலிருந்து சார்ஜென்ட் கேஜிக் படியேறி வந்தார். மரங்களுக்கிடையில் போலீஸ் வண்டி நின்றது.

"போனக் குடுங்க, மைரன்."

மைரன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மறுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை இல்ல," என்றான். "திங்கக்கிழமை. புயல் ஆரம்பிச்ச அன்னிக்கு. கடப்பாரையால."

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திங்கக்கிழமையா? அப்ப அந்த நாலு நாளா நான் யார்கூடப் பேசிட்டிருந்தேன்?"

"என்கூட," என்றான் மைரன். "நீங்க நல்லாப் பேசினீங்க."

அவள் திரும்பித் தன் வண்டிக்கு நடந்தாள். பனியில் இரண்டு முறை கால் இடறியது. யார் கையையும் பிடிக்கவில்லை.

கேஜிக் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். மைரனுக்கு விலங்கு மாட்டி வண்டியின் பின்சீட்டில் உட்காரவைத்தார்.

வண்டி பத்து கிலோமீட்டர் ஓடியிருக்கும்.

"சார்," என்றான் மைரன்.

"ம்."

"உள்ள என்னைத் தனியாவா போடுவாங்க?"

கேஜிக் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"தனியாவா? அதுக்கு அங்க இடம் ஏது? ஒரு அறைக்கு மூணு பேரு. முழு லைன்."